மைனஸ் இருபத்து நான்கு

இரண்டு மணிக்கொரு தடவை
ஹ்ரெய்ன் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு
படகுத்துறை நெடுக நடந்து
குளிர்கிடங்குக் கதவில் ஒளிரும் எண்ணைப் படித்து
நோட்டில் குறித்துக்கொண்டு திரும்புவார்.
போக இருநூற்றுப் பத்து அடி.
வரும்போது எதிர்க்காற்று, இருநூற்று முப்பது.
எண்ணியிருக்கிறார்.
போலுங்கர்விக்கில் ஜனவரி என்றால்
நண்பகலுக்கும் தெருவிளக்கு வேண்டும்.

"அங்கே வெப்பமானி இருக்கிறது,
இங்கே கணினி இருக்கிறது,
நடுவில் கேபிள்கூட இருக்கிறது.
பிறகு எதற்கு என் முழங்கால்?"

நியாயமான கேள்வி.

அலுவலகம் குடியிருந்தது 192.168.10 என்ற தெருவில்.
கிடங்கு, 10.20.0.
காபி மெஷினுக்குக் கீழே
தூசி போர்த்திய சர்வர்
ஆளுக்கொரு நெட்வொர்க் கார்டு என்று
இரண்டு வீட்டிலும் கை நனைத்துவிட்டு
இந்த வீட்டுப் பேச்சை அந்த வீட்டில் சொல்லாத
உத்தமனாக உட்கார்ந்திருந்தது.

முதலில் அதன் வாயைத் திறந்தேன்.
ஒரு பூஜ்யத்தை ஒன்றாக்கினால் போதும்.
அப்புறம் அலுவலக ரவுட்டரில் ஒரு வரி:
10.20.0-க்குப் போகிறவர்கள்
சர்வர் வழியாகப் போகவும்.

பிங் அனுப்பினேன்.
கிணற்றில் போட்ட கல்.
இன்னொன்று.
நெருப்புச்சுவரைத் திட்டினேன், கேபிளை மாற்றினேன்,
வெப்பமானியை ஊமை என்றேன்.
ஸ்வன்லாய்க் மூன்றாவது காபியை
ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனாள்.

கடைசியில் மடிக்கணினியைக் கோட்டுக்குள் அணைத்து
ஹ்ரெய்னோடு நானும் நடந்தேன்.
(இருநூற்று நாற்பது. என் கால் சின்னது.)
காட் மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து
கம்பியில் ஓடுவதை ஒட்டுக்கேட்டேன்.

வந்திருந்தன.
நொடிக்கொன்றாக என் கேள்விகள் எல்லாமே
வந்து சேர்ந்திருந்தன.
10.20.0.31 ஒவ்வொன்றுக்கும்
முறையாகப் பதில் எழுதி
தன் ரவுட்டர் கையில் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது.
அந்த ரவுட்டரோ 192.168.10 என்ற பேரையே
கேள்விப்பட்டதில்லை.
தெரியாத முகவரி எதுவானாலும்
அதற்குத் தெரிந்த வாசல் ஒன்றுதான், வெளியுலகம்.
அத்தனையையும் அங்கே தள்ளியது.
கடலில் கரைத்த பெருங்காயம்.

போக மட்டும் வழி எழுதியிருந்தேன்.
வரவும் ஒருவர் எழுத வேண்டும்,
அதுவும் அந்தப் பக்கம் உட்கார்ந்து.
விரல் விறைத்து இரண்டு முறை தப்பாக அடித்து
மூன்றாவதில் எழுதினேன்:
192.168.10.0-க்கு, 10.20.0.2 வழியாக.

ஹ்ரெய்னின் போன் அடித்தது.
"மைனஸ் இருபத்து நான்கு புள்ளி மூன்று" என்றாள் ஸ்வன்லாய்க்,
ஏலத்தில் விலை கூவுகிற குரலில்.
கதவைப் பார்த்தோம். அதேதான்.

இத்தோடு முடித்திருந்தால் எனக்கு நல்ல பேர்.

ஞாயிறு இரவு புயல்.
மின்சாரம் போய், வந்து, போய், வந்தது.
திங்கட்கிழமை திரையில்
எண் இருந்த இடத்தில் ஒரு சிறு கோடு.
அந்த வரியை ரவுட்டரின் நினைவில்தான் எழுதியிருந்தேன்,
கோப்பில் எழுதவில்லை.
கண் மூடித் திறந்ததும் அது
அலுவலகத்தை மறந்துவிட்டது.

இருபது டன் மீன். வாங்குகிறவருக்கு
மணிவாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும்.
யாரும் என்னைப் பார்க்கவில்லை, அதுதான் கஷ்டம்.
ஹ்ரெய்ன் மேஜையில் நோட்டை வைத்தார்.
நள்ளிரவு: -24.1
இரண்டு: -23.6
நான்கு: -22.9, ஜெனரேட்டர் போட்டேன்
ஆறு: -23.8
பக்கம் முழுக்க உப்புத்தண்ணீர் உலர்ந்த வட்டங்கள்.

இந்த முறை கோப்பில் எழுதினேன்.
ரவுட்டரை நானே அணைத்து எழுப்பினேன்,
நம்பாமல் இன்னொரு தடவை.
எண் வந்தது.

கிளம்பும்போது நிறுத்தினார்.
"அந்த வரி என்ன, சொல்லு."
சொன்னேன், புள்ளி புள்ளியாக.
நோட்டின் உள்ளட்டையில்
பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி எழுதி
அடியில் தேதி போட்டார்.

பிறகு பூட்ஸை எடுத்தார்.
மணி இரண்டு.